இருபத்தாறு அங்குலம்

ஜனவரி 20, திங்கள்

காலையில் அறுபது பக்கம் மெய்ப்புப் பார்த்தேன். யாரோ ஒருவரின் தன்வரலாறு. எல்லோரையும் பெயர் சொல்லி மன்னித்திருக்கிறார்.

மதியம் கம்பத்திலிருந்து அக்கா பேசினாள். இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஐந்து வாரமாக அப்பா அவள் வீட்டில்தான் இருக்கிறார். போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் ஈரப் படிக்கட்டில் வழுக்கியவர், மருமகன் வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறார். எது அதிகம் வலிக்கிறது என்று நான் கேட்டதில்லை.

“காலைல ஒரு இட்லிடி. ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் பாத்ரூம் போக ஒன் மச்சான்கிட்ட, ‘மாப்ளே, கொஞ்சம் அந்தப் பக்கம் போய்ட்டு வந்துறவா’ன்னு கேக்குறாரு. போக வேண்டாமேன்னு சாப்பாட்டக் கொறச்சுட்டாரு. பத்தாம் தேதி எங்க மாமியா வேற வர்றாங்க. வெரசா அங்க வீட்ட ஒதுங்க வைங்க.”

ஒதுங்க வைக்க வேண்டிய வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோதுகூட நகர்த்தாத சாமான்கள். ஹாலில் அப்பா நிற்கவே இடமில்லை. வாக்கரோடு எப்படி?

ஜனவரி 23, வியாழன்

பிசியோதெரபிஸ்ட் சொல்லி, தேனியிலிருந்து பவதாரணி என்பவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். முன்பு நர்ஸ். ஆபரேஷன் ஆனவர்கள் வீடு திரும்புவதற்கு முன் அந்த வீட்டை ஒழுங்குசெய்து தருவதுதான் இப்போது வேலை. இப்படி ஒரு வேலை உண்டு என்பதையே அம்மா நம்பவில்லை. கையில் ஒரு டேப், ஒரு சாக்பீஸ், ஒரு காலி வாக்கர்.

செருப்பைக் கழற்றிவிட்டு, வாக்கரைத் தூக்கித் தூக்கி வைத்து, இடுப்பு உடைந்தவர் போலவே ஹாலுக்குள் நடந்தார். நாலாவது அடியில் நின்றார். ஜீப்பு டயர். அப்பா ஜீப்பை விற்று எட்டு வருடமாகிறது. டயரும் ஜாக்கியும் முன்சீட்டும் மட்டும் எங்களோடு தங்கிவிட்டன.

“இது எங்கம்மா இருக்கணும்?”

“அது அவரோடது. அவரு வந்தாத்தான் கேக்கணும்” என்றாள் அம்மா.

“இது இங்க இருந்தா அவரு வர முடியாதேம்மா.”

அம்மா இதில் ஏதோ சூது இருப்பதுபோல யோசித்தாள்.

என் அறை இந்தக் கணக்கில் வராது என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். சரி என்றார். எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. சாயங்காலம் அதுவே உறுத்தியது.

ஜனவரி 24, வெள்ளி

டேப்பைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு வேலுத்தாய் அத்தை வந்தார். “என்ன அன்னக்கொடி, பேங்க்குலருந்து வந்துட்டாகளா?”

“பேங்க்கும் இல்ல ஒண்ணும் இல்ல மதினி. எங்க வீட்டுக்காரரு நடக்குறதுக்கு அளக்குறாக.”

“நடக்குறதுக்கு எதுக்குடீ அளவு? படுக்குறதுக்குத்தான அளப்பாக.”

பவதாரணி சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

பவதாரணி எந்தச் சாமானையும் வேணுமா வேண்டாமா என்று கேட்பதில்லை. எங்கே இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறார். வாசலிலிருந்து வாக்கர் போகும் தடத்துக்கு இரண்டு பக்கமும் கோடு போட்டிருக்கிறார். கோட்டுக்கு உள்ளே எதுவும் கூடாது. வெளியே என்ன இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. “நான் ஒங்க வீட்டச் சுத்தம் பண்ண வரலம்மா. ஒரு ஆளு நடக்கணும். அவ்வளவுதான்.” அதைக் கேட்ட பிறகுதான் அம்மாவுக்கு எதையும் கொடுக்கக் கை வந்தது. அப்பாவிடம் போனில் கேட்டு டயரையும் சீட்டையும் கொடுத்துவிட்டாள். ஜாக்கி இருக்கட்டும் என்றாராம். எதைத் தூக்க என்று சொல்லவில்லை.

கோட்டுக்குள் பதினேழு தூக்குவாளி. சமாதானமாக இருக்கட்டுமென்று, அம்மா அதில் ஒன்றை வேலுத்தாய் அத்தைக்குக் கொடுத்தாள். அத்தை திருப்பிப் பார்த்தார். அடியில் வெட்டியிருந்தது: அன்பளிப்பு, ப. வேலுத்தாய். அக்கா கல்யாணத்துக்கு அவர் வைத்தது.

“பத்து வருசமா கவரக்கூடப் பிரிக்கலையாக்கும்?”

“நீங்க குடுத்ததாச்சேன்னு பத்திரமா வச்சிருந்தேன் மதினி.”

“பத்திரமா வச்சு எனக்கே குடுக்குற.”

இருவருக்கும் இப்போது பேச்சு இல்லை. தூக்குவாளியை மட்டும் அத்தை கொண்டுபோய்விட்டார்.

ஜனவரி 28, செவ்வாய்

ஹால் முடிந்தது. காலி வாக்கர் வாசலிலிருந்து சமையலறைவரை தடையில்லாமல் போனது. பின்வாசலில் நின்றது. வாசல் இருபத்து நாலு அங்குலம். வாக்கர் இருபத்தாறு.

நிலையைப் பெயர்த்து அகலப்படுத்தினாலும் வெளியே மூன்று படி. பிறகு கொல்லையைச் சுற்றித்தான் பாத்ரூம். கொத்தனார் முத்துக்கண்ணன் வந்து பார்த்தார். “சரிவு போடலாம்க்கா. ஆனா அது வேலுத்தாய் வீட்டு அடுப்படியில போயி முடியும்.” சமயம் சரியில்லை.

பவதாரணி என்னைப் பார்க்கவில்லை. அம்மாவும் பார்க்கவில்லை.

சரி, எழுதிவிடுகிறேன். என் அறைக்கு இரண்டு கதவு. ஒன்று ஹாலுக்கு. இன்னொன்று நேராகப் பாத்ரூமுக்கு. ஆறு வருடத்துக்கு முன் அந்த இரண்டாவது கதவை மறைத்துப் புத்தக அலமாரியை வைத்தேன். அதுவரை அது அறையே இல்லை, பாதை. பல் தேய்க்கப் போகிறவர்கள், சோப்புத் தேடுகிறவர்கள், ஊரிலிருந்து வந்த விருந்தாளிகள், எல்லோரும் என் கட்டிலைச் சுற்றித்தான் போனார்கள். நான் என்ன படிக்கிறேன் என்று நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அலமாரி வந்த பிறகு எல்லோரும் படியிறங்கிக் கொல்லை வழியாகப் போகப் பழகிக்கொண்டார்கள். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இந்த வீட்டில் யாரும் நடக்காத ஒரே இடம் இதுதான்.

முதல் நாளே தெரியும் எனக்கு. வாக்கர் வாசலில் நுழைந்தபோதே தெரியும். அம்மா டயரைக் கொடுத்தாள், சீட்டைக் கொடுத்தாள், ஒரு சிநேகிதத்தையும் கொடுத்தாள். நான் உள்ளே உட்கார்ந்து அடுத்தவர் வாழ்க்கையில் ஒற்றுப்பிழை திருத்திக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 29, புதன்

ஹாலிலேயே ஒரு கமோடு நாற்காலி போட்டுவிடலாம் என்றேன்.

“நாலு பேரு வந்து போற எடத்துல ஒங்கப்பன் உக்காரணுமா? நீ உக்காருவியாடி?”

ஜனவரி 30, வியாழன்

முப்பது பக்கம்.

ஜனவரி 31, வெள்ளி

அக்கா பேசினாள். இன்று அரை இட்லி. மீதியைத் துண்டில் மடித்து வைத்திருந்தாராம், மருமகன் பார்க்கக் கூடாதென்று.

பவதாரணிக்குப் போன் செய்தேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

பவதாரணி என் அறைக் கதவைத் தட்டி, வரலாமா என்று கேட்டுவிட்டு வந்தார். அலமாரியைத் தொடவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“இந்தக் கதவு அடச்சிருக்கிறதுல ஒங்களுக்கு என்ன கெடைக்குது தமிழினி?”

கோபம் வந்தது. யாரும் வராத இடம் கிடைக்கிறது என்றேன்.

“ஆளு வர்றது கஷ்டமா, பாக்குறது கஷ்டமா?”

இதை நானே என்னைக் கேட்டதில்லை. இவ்வளவு படித்தும்.

“பாக்குறதுதான்.”

“அப்ப அலமாரி போக வேண்டாம். திரும்பட்டும்.” சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, அறையின் நீளத்துக்குக் கோடு போட்டார். அலமாரி அந்தக் கோட்டில் குறுக்குச் சுவர் மாதிரி நிற்கும். அந்தப் பக்கம் அப்பாவின் பாதை. இந்தப் பக்கம் கட்டில், மேசை, நான். மெலிந்துபோன ஓர் அறை. ஆனால் அறை.

மூன்று பேரும் புத்தகங்களை இறக்கினோம். அம்மா ஒரு அடுக்கைத் தூக்கிக்கொண்டு கேட்டாள், “இம்புட்டும் படிச்சதா?”

“பாதி.”

“மீதி?”

“இருக்கட்டும்னு வச்சிருக்கேன்.”

“நான் தூக்குவாளிக்கு இதச் சொன்னப்ப மூஞ்சியக் கோணுன.”

பவதாரணி சாக்பீஸைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

கதவின் தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. திறந்ததும் காலி வாக்கர் ஹாலிலிருந்து பாத்ரூம்வரை போனது. எங்கும் நிற்கவில்லை.

பிப்ரவரி 8, சனி

மச்சான் காரில் அப்பா வந்து இறங்கினார். மெலிந்திருக்கிறார். ஹாலின் நடுவில் நின்று, வீடு மாறி வந்துவிட்டோமோ என்பதுபோலப் பார்த்தார். தடத்தைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜாக்கி எங்கே என்றார்.

பிறகு என் அறை வாசலில் வாக்கர் நின்றது.

“பாப்பா, கொஞ்சம் அந்தப் பக்கம் போய்ட்டு வந்துறவா?”

பிப்ரவரி 9, ஞாயிறு

ஒவ்வொரு முறையும் கேட்கிறார். கேக்க வேண்டாம்ப்பா என்றேன். “சரி பாப்பா, கேக்கல” என்றார். அடுத்த முறை கேட்கவில்லை. இருமினார்.

காலையில் ஒரு இட்லி.

கதவைத் திறந்தாயிற்று, அலமாரியைத் திருப்பியாயிற்று, அப்பாவுக்கு இது இன்னொரு மருமகன் வீடு. அந்த மருமகன் நான்.

பிப்ரவரி 10, திங்கள்

பவதாரணிக்குப் போன். அலமாரியை இன்னும் தள்ள வேண்டுமா என்று கேட்டேன்.

“அவரு கடந்து போறப்ப நீங்க என்ன பண்றீங்க?”

“ஒண்ணும் பண்றதில்ல. பேனாவ வச்சுட்டு, அவரு போறவரைக்கும் பேசாம இருப்பேன்.”

“நீங்க நிறுத்துறது அவருக்குக் கேக்குதுங்க” என்றார். “அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்க ஒங்க சோலியப் பாருங்க.”

பிப்ரவரி 12, புதன்

நேற்று முழுக்க முயன்றேன். தலை நிமிராமல் இருக்கலாம், காதை என்ன செய்வது? என் தோள் இறுகுவதுகூட அலமாரி தாண்டிக் கேட்கும் போலிருக்கிறது.

இன்று பதினொரு மணிக்கு இருமல் சத்தம். சட்டென்று சொல்லிவிட்டேன், “அப்பா, போறப்ப அந்த பாத்ரூம் ஜன்னலச் சாத்திருங்க, காத்துல பேப்பரெல்லாம் பறக்குது.”

வாக்கர் நின்றது.

“ஏன், ரெண்டு கையும் இதுல இருக்கு, பல்லுல கடிச்சா சாத்துவேன்? எந்திரிச்சு வந்து நீ சாத்து! ஒக்காந்த எடத்துலயே அதிகாரம்.”

போய்ச் சாத்தினேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். எட்டு வாரத்தில் அவர் யாரையும் திட்டியதே இல்லையாம்.

மதியம் இரண்டாவது முறை சோறு கேட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

காலையில் நாலு இட்லி. சட்னியில் உப்பில்லை என்று அம்மாவோடு தகராறு. இப்போது மூன்றாவது முறையாகப் போகிறார். இருமல் இல்லை, கேள்வி இல்லை. அலமாரிக்கு அந்தப் பக்கம் வாக்கர் தூக்கித் தூக்கி வைக்கும் சத்தம், நடுவில் சட்னியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நான் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.