ஈரமா?

இன்று காலை சாம்பியன் ரீப்ஸில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் ஒரு தும்மல். துடைத்துவிட்டுப் பார்த்தேன், கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது. உன் ஞாபகம் வந்துவிட்டது, மச்சான். மாலூரில் இரும்பு வார்க்கும் பவுண்டரியில், கரி உலையில் நாம் வேலை செய்த காலத்தில், யார் மூக்கிலிருந்து அதிகக் கரி வருகிறது என்று பந்தயமே கட்டுவோமே! நீதான் எப்போதும் ஜெயிப்பாய், அசிங்கம் பிடித்தவனே.

புகையைக் குறைத்தால்தான் சாமான் எடுப்போம் என்று வாங்குகிறவர்கள் கறாராகச் சொல்லவும், முதலாளி கரி உலையை நிறுத்திவிட்டுக் கரண்ட் உலை கொண்டுவந்தார். பழைய இரும்பை மின்சாரத்தில் உருக்குவது. இந்த வயதில் பொத்தானும் திரையும் நமக்கு வருமா? ராபர்ட்சன்பேட்டைத் துணிக்கடையில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லி வைத்தேன். அது தெரிந்ததும் நீ என் வீட்டு வாசலில் வந்து கத்தினாய்.

"இன்னாடா, பயந்துட்டியா? எங்கப்பா தங்கச் சுரங்கத்துல கேஜ்ல ஏறி பூமிக்குள்ள எறங்குனாரு. உனக்கு ஒரு பொத்தான் அமுக்கக் கசக்குதா? கெளம்பு, வண்டிக்கு நேரமாச்சு."

கிளம்பினேன். அந்த வாரமே நான் செய்த காரியம்! மழையில் நனைந்து கிடந்த இரும்பை, பழைய பழக்கத்தில் அப்படியே வாரி உலைக்குக் கொண்டுபோனேன். கரி உலையில் மேலே போடுகிற இரும்பு கீழே இறங்குவதற்குள் காய்ந்துவிடும். இதிலோ, உருகிக் கொதிக்கிற இரும்புக்குள் ஈரம் விழுந்தால் வெடித்து முகத்தில் அடிக்கும். சொல்லித்தான் கொடுத்தார்கள், என் மண்டையில் ஏறவில்லை. "ஈரம்டா!" என்று அலறி என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். இரண்டு பேரும் தரையில் விழுந்தோம்.

"உன் பொண்டாட்டிக்கு நான் இன்னாடா பதில் சொல்றது?" என்று திட்டிக்கொண்டே அழுதாய்.

அதற்கப்புறம் ஒவ்வொரு கூடை இரும்பையும் தொட்டுப் பார்த்து, "ஈரமா?" என்று கேட்காமல் விடமாட்டாய். ஷிப்டில் எல்லோரும் அதையே உனக்குப் பெயராக வைத்தார்கள். நெஞ்சில் ஈரமுள்ளவனுக்குப் பொருத்தமான பெயர்தான்.

போன மழைக்காலத்தில் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது. இப்போது பவுண்டரிக் கூரையில் சோலார் தகடு வேறு போட்டிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால், "வெயில்லயே இரும்பு உருக்குறோம்" என்று ஊரெல்லாம் அளந்து விட்டிருப்பாய். இந்த வேலையும் இந்த உயிரும் நீ இழுத்துப் பிடித்துக் கொடுத்தவை. நன்றி சொல்வது நமக்குள் பழக்கமில்லை. இன்று சொல்கிறேன், நன்றிடா.

ரயிலை விட்டு இறங்கும்போது தூறல். நேராக இரும்புக் குவியலுக்குப் போய்க் கை வைத்தேன். "ஈரமா?" என்று என் வாய் தானாகக் கேட்டது.

"ஈரமா வந்துட்டாரு, வேலைய ஆரம்பிங்க" என்று யாரோ சிரித்தார்கள்.

உன் பெயர் இப்போது என்னிடம்தான் இருக்கிறது, மச்சான்.