சௌரியின் வண்டியில் என்ன இருந்தது?

அன்புள்ள நண்பருக்கு,

போன வாரம் புத்தூரில் எனக்குக் கண்புரை அறுவை செய்தார்கள். வலது கண். முடிந்ததும் நர்ஸ் பெண் ஒரு கறுப்புக் கண்ணாடியை எடுத்து, என்னைக் கேட்காமலேயே என் முகத்தில் மாட்டிவிட்டு, "வெயிலா இருக்கு, போட்டுக்குங்க தாத்தா" என்றாள். அறைக்குள் ஏது வெயில்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது சிரிக்கவோ தும்மவோ கூடாது என்று கண்டித்தாள். நான் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதே வார்த்தையைச் சொல்லி, அதே போலக் கேட்காமல், என் முகத்தில் முதன்முதலாகக் கறுப்புக் கண்ணாடி மாட்டியவர் நீங்கள். அன்றும் வெயில் இல்லை. துறையூர்ப் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு நின்றது.

நாம் அறிமுகமானது எழுபதுகளின் பிற்பகுதியில், திருச்சி பாலக்கரையில் உங்கள் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில். நான் கல்லூரியில் இயற்பியல் ஆய்வக டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவர்களின் சோதனை ஒன்றுக்காக பேரிங் வாங்க வந்தேன். எல்லாம் ஒன்றுதான் என்று நீங்கள் எடுத்துப்போட்ட பேரிங்குகளை ஒவ்வொன்றாகச் சுழற்றிக் காதருகே வைத்துக் கேட்டேன். எதை எடுப்பது என்று முடிவுக்கு வர முடியாமல், மறுபடி முதலிலிருந்து சுழற்ற ஆரம்பித்தேன். வேறு கடைக்காரர் என்றால் விரட்டியிருப்பார். நீங்கள் கல்லாவை விட்டு எழுந்து வந்து, "சார், இந்த அளவுக்குச் சந்தேகப்படுற ஒரு ஆளைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்" என்றீர்கள்.

துறையூர் போகும் வழியில், எதற்கோ போடத் தொடங்கிப் பாதியில் கைவிட்ட ஒரு சாலை கிடந்தது. வளைவே இல்லாத சாலை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் முதல் பூசை முடித்து, மாதா கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு அங்கே வந்து சுண்ணாம்பால் கோடு போடுவீர்கள். கோட்டில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் அருகருகே நிற்கும். கால் மைல் தள்ளி ஒரு பனைமரம். அதை முதலில் தாண்டுகிறவர் வென்றார். அவ்வளவுதான் பந்தயம். என் மனைவியிடம் விவரித்தபோது, "இதுக்கா வேலை மெனக்கெட்டு அவ்ளோ தூரம் போறீங்க?" என்று கேட்டாள். ஆனாலும் போனேன்.

அவ்வளவு குறைந்த தூரத்தில் புறப்பாடுதான் பாதி வெற்றி. நான் வருவதற்கு முன்பு நீங்கள் கைக்குட்டையைக் கீழே போட்டுப் பந்தயத்தைத் தொடங்கிவைத்தீர்கள். அது கையை விட்டதும் கிளம்புவதா, தரையைத் தொட்டதும் கிளம்புவதா என்று வாரம் தவறாமல் சண்டை வந்தது. அதைத் தீர்க்கத்தான் என்னை அழைத்தீர்கள். ஒரு பலகையில் மஞ்சள் பல்பும் பச்சை பல்பும் பொருத்தி, உங்கள் காரின் பாட்டரியோடு இணைத்தேன். வீட்டில் அழைப்பு மணிக்கு வைக்கும் ஸ்விட்ச் என் கையில் இருக்கும். மஞ்சள் எரிந்தால் தயாராக வேண்டும். பிறகு எனக்குத் தோன்றும் நேரத்தில் அமுக்குவேன். பச்சை எரிந்ததும் கிளம்ப வேண்டும். பலகைக்குப் பக்கத்தில், சாலையோரமாக, வண்டிகளைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். எப்போது அமுக்கப்போகிறேன் என்று எனக்கே தெரியாதபோது வேறு யாருக்குத் தெரியும்? அதுதான் என் ஏற்பாட்டின் பலம் என்று நம்பினேன்.

முதலில் மாட்டிக்கொண்டவர் உங்கள் மச்சினன் ஆரோக்கியம். சினிமாக் கொட்டகையில் புரொஜெக்டர் ஆபரேட்டர். அதுவரை தோற்றுக்கொண்டே இருந்தவர் திடீரென்று வாராவாரம் ஜெயித்தார். மஞ்சள் எரியும்போது மற்றவர்களின் இடது கை விரல்கள் கிளட்ச்சை இறுக்கிப் பிடித்திருக்கும். ஆரோக்கியத்தின் விரல்கள் சும்மா இருந்ததைப் பார்த்தேன். நான் பார்த்தது தவறாக இருக்கலாம் என்று யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த வாரமும் பார்த்தேன். அப்போதும் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரம் என் டார்ச் லைட்டின் முகப்பில் பச்சைக் கண்ணாடித்தாளைச் சுற்றிக் கொண்டுவந்தேன். எதிராளியின் வண்டி ஏதோ மக்கர் செய்ததால், ஆரோக்கியம் தன் வண்டியைக் கியரிலேயே ஓடவிட்டபடி சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். நான் மெதுவாக அதன் முன்னால் போய், ஹெட்லைட்டுக்குள் டார்ச்சை அடித்தேன்.

வண்டி ஆளில்லாமல் பாய்ந்தது. நான் ஒரு பக்கம் விழுந்தேன். அது உங்கள் வீட்டிலிருந்து வந்திருந்த இட்லி அடுக்கைத் தள்ளிவிட்டு வாய்க்காலில் இறங்கி நின்றது. ஹெட்லைட்டைக் கழற்றிப் பார்த்தோம். சினிமாப் பிலிமின் ஓரக்கோட்டை ஒளியால் படித்துச் சத்தமாக மாற்றும் மின்கண் ஒன்று புரொஜெக்டரில் உண்டல்லவா, அது உள்ளே உட்கார்ந்திருந்தது. பச்சை வெளிச்சம் பட்டால் ஒரு காந்தம் கொக்கியை இழுத்து கிளட்ச்சை விட்டுவிடும். ஆரோக்கியத்துக்குச் விளக்கைப் பார்க்கும் வேலைகூட இல்லை.

நீங்கள் இட்லியையும் மச்சினனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: "மாப்ள, இனிமே நீ வேடிக்கை பாக்கலாம். வண்டி ஓட்டக் கூடாது. எந்தக் காலத்துலயும்."

அதற்குப் பிறகு ஒரு மாதம் உங்கள் வீட்டுக் குழம்பில் உப்பே இல்லை என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள். தம்பிக்காக அக்கா எடுத்த நடவடிக்கை.

அந்த நாளிலிருந்து நான் பரிசோதகர் ஆகிவிட்டேன். வண்டிகளெல்லாம் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றின் ஹெட்லைட்டிலும் டார்ச்சை முதலில் பச்சையாகவும் பிறகு மஞ்சளாகவும் வெள்ளையாகவும் காட்டுவேன். அப்புறம் ஒரு சின்ன டிரான்ஸிஸ்டர் ரேடியோவை எந்த நிலையமும் வராத அலைவரிசையில் வைத்து, நிறுத்திய வண்டியின் மேல் மெல்ல நகர்த்துவேன். உள்ளே ஏதாவது மின்கருவி ரகசியமாக ஓடிக்கொண்டிருந்தால் ரேடியோ முனகும். ஸ்ரீரங்கத்திலிருந்து வரும் சௌரி என் டார்ச்சின் மேல் இரு கைகளையும் நீட்டி, கண்ணில் ஒற்றிக்கொள்வார். "தீபாராதனை ஆச்சு, தீர்த்தம் எப்போ சார்?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அவர் வண்டிக்கு இன்னொரு முறை காட்டுவேன்.

சௌரி சித்திரை வீதிக்காரர், வங்கிக் குமாஸ்தா. ஹெல்மெட்டைக் கழற்றினால் திருமண் கொஞ்சமும் கலையாமல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையில் ஏகாதசி வந்தால் அன்று வர மாட்டார். பழைய புல்லட் ஒன்று வைத்திருந்தார். அது வேகமான வண்டியே இல்லை. ஆனால் பச்சை எரிவதற்கும் அவர் கிளம்புவதற்கும் நடுவில் இடைவெளியே இருக்காது. அடுத்தவன் கிளட்ச்சை விடுவதற்குள் இவர் ஒரு வண்டி நீளம் முன்னால் இருப்பார். பனைமரம் வரை அந்த முன்னிலையைக் காப்பாற்றிக்கொள்ள அந்த வண்டிக்குத் தெரியும்.

வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதிக்கப்பட்ட ஆரோக்கியம் நன்றாகவே வேடிக்கை பார்த்தார். ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டார்: "என் வண்டியிலன்னா வாய்க்கால் வரைக்கும் இறங்கித் தேடுனீங்க. ஐயங்கார் வண்டின்னா தீபாராதனையோட நிறுத்திக்குவீங்களா மச்சான்?"

கேள்வி நியாயமானதுதான் என்று உங்களுக்கும் தெரிந்திருந்தது. எனவே சௌரியின் வண்டியைப் பிரித்தேன். ஹெட்லைட், சீட், பெட்ரோல் டேங்க், கைப்பிடி ரப்பர் எதையும் விடவில்லை. கடைசியில் அவர் உடம்பின் மேலேயே ரேடியோவை நகர்த்தினேன். நெஞ்சருகே போனபோது என் விரல் திருகில் பட்டுவிட்டது போலும். நெற்பயிருக்கு மேலுரம் இடும் முறை பற்றி ஒரு குரல் அவர் நெஞ்சிலிருந்து விளக்கமாகப் பேச ஆரம்பித்தது. சௌரி அசையாமல் முழுவதும் கேட்டார். பிறகு, "இன்னும் என்ன சார் கழட்டணும்? பூணூல்தான் பாக்கி" என்றார்.

சிரிப்போடுதான் சொன்னார். ஆனால் உடனே ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு அவர் உங்களிடம் வந்து, அடுத்த வாரம் கோப்பைப் பந்தயத்தன்று தன் வண்டி சுத்தம் என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இனிமேல் வரமாட்டேன் என்றார். ஆரோக்கியம் தன் பங்குக்கு, சுத்தம் என்று சொல்ல முடியாவிட்டால் தனக்குக் கொடுத்த தண்டனையையே சௌரிக்கும் கொடுக்க வேண்டும் என்றார். நீங்கள் இரண்டுக்கும் சரி என்றீர்கள். வேறு என்ன சொல்ல முடியும்?

திரும்பும் வழியில் காரில் என்னிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டீர்கள். "இருக்குன்னு சொல்லுங்க, இல்ல, இல்லைன்னு சொல்லுங்க. 'தெரியல'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார்."

மன்னார்புரம் வரும்வரை யோசித்தேன். "தெரியல சார்" என்றேன்.

அந்த வாரம் முழுக்க நான் தூங்கவில்லை. எதுவும் கிடைக்காததாலேயே எதுவும் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? அதே சமயம், எனக்கு அகப்படவில்லை என்பதற்காக ஒரு மனிதரைத் திருடன் ஆக்கலாமா? இரண்டு பக்கமும் எனக்கு நல்ல வாதங்கள் தோன்றின. அதுதான் என் கஷ்டமே.

கோப்பைப் பந்தய நாள் வந்தது. முதல் சுற்றில் சௌரி வழக்கம்போல முந்தினார். அப்போது நீங்கள் வண்டிகளையோ விளக்கையோ பார்க்கவில்லை, என் ஸ்டூலுக்குப் பின்னால் நின்றுகொண்டு சௌரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. கடைசிச் சுற்றுக்கு முன் என்னிடம் வந்து, உங்கள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என் முகத்தில் மாட்டினீர்கள். "வெயிலா இருக்கு, போட்டுக்குங்க சார்." நான் வானத்தைப் பார்த்தேன். எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாததால் போட்டுக்கொண்டேன்.

மஞ்சள் எரிந்தது. இரண்டு வண்டிகளும் உறுமின. அமுக்கினேன். பச்சை எரிந்து, எதிராளி கிளம்பிப் போனபிறகும் சௌரி கோட்டிலேயே நின்றார். தூங்கி எழுந்தவர் போலப் பிறகு கிளம்பித் தோற்றார்.

கூட்டத்தில் ஒரே இரைச்சல். ஆரோக்கியம் ஓடிவந்து, "பாத்தீங்களா? பயந்துக்கிட்டு இன்னிக்கு மெஷினைக் கழட்டி வச்சிட்டு வந்திருக்காரு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஜெயித்தபோது வெறும் சந்தேகமாக இருந்தது, தோற்றதும் நிரூபணம் ஆகிவிட்டது.

நீங்கள் சௌரியையும் என்னையும் புளியமரத்துக்குப் பின்னால் அழைத்துப் போனீர்கள். "சொல்லுங்க" என்றீர்கள், அவரிடம். அவர் என் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சார் ஸ்விட்சை அமுக்கறதுக்கு முன்னாடி கண்ணை இறுக்கி மூடிப்பார். ஒவ்வொரு தடவையும். வண்டி சத்தம் அவருக்குப் பயம். நான் லைட்டைப் பாக்கறதே இல்லை, அவர் கண்ணைத்தான் பாப்பேன். மூடினா கிளட்ச்சை விட்டுடுவேன். இது தப்புன்னா சொல்லுங்கோ, கோப்பையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஆனா எலக்ட்ரானிக்ஸ்னு சொல்லாதீங்கோ."

எத்தனையோ வண்டிகளைச் சோதித்துத் தேடியிருந்தேன். அந்தக் கருவியை நான்தான் வாராவாரம் ஸ்டூலில் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தேன், என் மூக்குக்கு இரு பக்கமும்.

எனக்கு அப்போது தோன்றியதை உங்களிடம் எப்போதும் சொன்னதில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் கூட்டம் காத்திருந்தது. சௌரியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் நீங்கள் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சொன்னால், டார்ச்சோடு எல்லாரையும் சோதித்த பரிசோதகர் மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குக் கண்ணை மூடிக்கொள்கிற ஆள் என்று திருச்சி முழுவதும் தெரிந்துவிடும். என் மாணவர்களில் சிலரும் அங்கே வருகிறவர்கள். நான் வாயைத் திறந்து, பரவாயில்லை, சொல்லுங்கள் என்று சொல்ல முயன்றேன். அதற்குப் பதில் கறுப்புக் கண்ணாடியை இன்னும் மேலே தள்ளிக்கொண்டேன்.

நீங்கள் கூட்டத்தின் முன் போய் நின்றீர்கள். "கோளாறு கிடைச்சிருச்சு" என்றீர்கள். "சௌரி வண்டியில இல்ல. நம்ம லைட் செட்டுல. பச்சை எரியறதுக்கு முன்னாடியே ஒரு சிக்னல் வெளிய போயிக்கிட்டிருந்திருக்கு. சார்தான் அதை அடைக்க வழி சொன்னாரு. சௌரி வண்டி சுத்தம். கடைசிச் சுற்று மறுபடி ஓடும்."

ஆரோக்கியம் விடவில்லை. "எங்க, அந்தக் கோளாறைக் காட்டுங்க மச்சான்."

"காட்ட முடியாது மாப்ள. உள்ளேயே ஃபிட்டாகி வந்திருக்கு. மூடித்தான் போட முடியும்."

நான் கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து தலையாட்டினேன். சௌரி இருமினார். மறுபடி ஓடிய சுற்றில் அவர் விளக்கைப் பார்த்துத்தான் கிளம்பினார். மறுபடியும் தோற்றார், வண்டி பழசு அல்லவா! ஆனால் தோற்றுத் திரும்பியபோது ஆரோக்கியமே போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எண்பதுகளில் அந்தச் சாலையில் வீடுகள் வந்து பந்தயம் நின்றுபோகும் வரை, மழையானாலும் நான் வாராவாரம் நீங்கள் மாட்டிவிட்ட கறுப்புக் கண்ணாடியோடுதான் ஸ்விட்சை அமுக்கினேன். பரிசோதகர் என்றால் அப்படித்தான் இருப்பார் என்று புதிதாக வந்த பையன்கள் நினைத்துக்கொண்டார்கள். நாம் மூன்று பேரும் அதைப் பற்றி மறுபடி பேசியதே இல்லை.

உங்களை அடக்கம் செய்த அன்று நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும். குருவானவர் செபம் முடித்தார். உங்கள் வீட்டார் மண் போட்ட பிறகு நண்பர்களைக் கூப்பிட்டார்கள். குழியின் ஒரு பக்கம் நான் கைப்பிடி மண்ணோடு நின்றேன். எதிர்ப்பக்கம் சௌரி, அவர் கையிலும் மண். அவருக்கும் முடி முழுக்க வெளுத்துவிட்டது. கையை நீட்டிவிட்டேனே தவிர, விடத் தைரியம் வரவில்லை. இருந்திருந்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு விரல்களைத் திறந்தேன்.

என் மண் விழுவதற்கு ஒரு கணம் முன்னால் பெட்டியின் மேல் இன்னொரு மண் விழும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். சௌரி வெறுங்கையோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கன்னம் நனைந்திருந்தது. சுற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து, "மன்னிக்கணும் சார், பழக்கம்" என்று காதோடு சொன்னார். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் மனைவி நிமிர்ந்து பார்த்தார். என்ன சொல்வது? வெயில் கண்ணைக் கூசுகிறது என்று ஏதோ உளறினேன்.

உங்கள் கண்ணாடி அன்று என் வீட்டு அலமாரியில்தான் இருந்தது. கிளம்பும்போது எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. அதை நான் கேட்காமலேயே மாட்டிவிடுகிறவர் எப்போதும் நீங்களாகத்தானே இருந்தீர்கள்.