என் லேப்டாப்பில் நீ கை வைத்தது

மாடம்பாக்கம்
சனிக்கிழமை

அன்புள்ள பென்னிக்கு,

அம்மா எழுதுவது. அந்த டப்ளின் குளிரில் நீயும் கிறிஸ்டினாவும் சளி இருமல் இல்லாமல் இருக்கக் கர்த்தர் கிருபை செய்யட்டும். இங்கே அப்பா சுகம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உன் மேல் வந்த கோபம்தான் இன்னும் அடங்கவில்லை. போனில் சொன்னால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன், முழுசாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னைக் கூப்பிட்டு, என் லேப்டாப்பைப் பாருடா என்றேன். அங்கிருந்தே உள்ளே வர நீ சொல்லித்தந்த வழியை நானே போட்டு வைத்திருந்தேன், அதில் வந்தாய். பொத்தான்கள் இருக்கிற பட்டை இடது பக்கம் நிற்கிறது, தட்டித் திறக்கிற குட்டிப் படம் ஒன்றுமில்லை, பச்சையாக வெறும் திரை. ஐயோ, யாரோ கெடுத்து வச்சிருக்காங்கம்மா, நீ எதையும் தொடாதே, நான் பாத்துக்கறேன் என்று பாஸ்வேர்டைக் கேட்டாய். சொன்னேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அரை மணியில் பட்டையைக் கீழே இறக்கி, உள்ளங்கை அகலத்துக்கு நாலு படம் வைத்து, இனி யாரும் எதையும் மாற்ற முடியாதபடி பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டு, ஹேப்பியாம்மா என்று கேட்டு வைத்துவிட்டாய். என்னடா ஹேப்பி?

முன்பெல்லாம் அந்த லேப்டாப் திறப்பதற்குள் ஒரு ஈடு இட்லி வெந்துவிடும், உனக்கே தெரியும். ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ரிட்டயரான மாடி வீட்டு ஜெரோம்தான், விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டு அதிலே லேசான எக்ஸ்.எஃப்.சி.இ. திரை வைத்தால் ஓடும் என்று பென்டிரைவ் கொடுத்தார். ஏற்றியது நான். மூன்று வாரம் மத்தியானத் தூக்கத்தை விட்டு ஒவ்வொன்றாக மாற்றியதும் நான். நம் திரை குட்டை, பட்டையைக் கீழே வைத்தால் வினாத்தாளில் இரண்டு வரி மறைகிறது, அதனால் இடது பக்கம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு வெள்ளை கூசுகிறது, அதனால் பச்சை. எல்லாவற்றையும் விட அந்தக் கீபோர்டு! தாம்பரம் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள் நான். என் விரல் போகிற இடத்தில் எழுத்து வரவேண்டுமென்று பழைய டைப்ரைட்டர் வரிசையைத் தேடிப் பிடித்து வைத்திருந்தேன். நீ அதைத் தூக்கிவிட்டு இங்கிலீஷில் அடித்தால் தமிழ் வருகிற மாதிரி வைத்திருக்கிறாய், ஈசியாம். அம்மா என்று அடிக்க நான் ஏ எம் எம் ஏ தேட வேண்டுமா? யாருக்குடா ஈசி?

கீபோர்டைத் திரும்ப மாற்ற உன் புதுப் பாஸ்வேர்டு வேண்டும், அதைக் கேட்டு ஏழு தடவை கூப்பிட்டேன். ரிலாக்ஸ்மா, வீக்கெண்ட் பாக்கறேன் என்று ஒரு மெசேஜ் போட்டாய். சாவித்ரி டீச்சருடைய பள்ளிக்கூடத்துக்குப் பதினோரு வருஷமாக நான்தான் வினாத்தாள் அடிக்கிறேன். அரையாண்டுத் தேர்வு வினாத்தாள் புதன்கிழமை கொடுக்க வேண்டியது, சேலையூரில் ஏதோ ஒரு கடைக்குப் போய்விட்டது. பரவாயில்லக்கா, உங்களுக்கும் வயசாச்சு, ரெஸ்ட் எடுங்க என்று அவர் சொன்னபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. உன் அப்பாவோ, புள்ள நல்லதுக்குத்தானே செஞ்சான் என்றார். அன்றைக்கு அவர் டீயை அவரே போட்டுக்கொண்டார். ஜெரோம் வந்து பார்த்துவிட்டு, இன்னாக்கா இது, எல்.கே.ஜி. பசங்க சிலேட்டு மாரி கீது என்று சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

அவரும் நானும் நேற்று உட்கார்ந்து உன் பாஸ்வேர்டை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து அமைத்துவிட்டோம். நீ உள்ளே வருகிற வழியையும் மூடியாயிற்று. இந்தக் கடிதமே அதில் அடித்ததுதான், ஒரு எழுத்துப் பிழை காட்டு பார்ப்போம். கிறிஸ்டினாவுக்கு முருங்கைக்கீரைப் பொடி கேட்டிருந்தாய், எதிர் வீட்டுத் தீபலட்சுமி அடுத்த மாதம் அங்கே வரும்போது கொடுத்தனுப்புகிறேன். சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து சாப்பிடச் சொல், வெறும் வயிற்றில் வேண்டாம்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள் பென்னி. அன்றைக்கு நான் உதவி கேட்டு உன்னைக் கூப்பிடவில்லை. இவ்வளவும் நானே செய்திருக்கிறேன் என்று உனக்குக் காட்டத்தான் கூப்பிட்டேன். நல்லா இருக்கும்மா என்று நீ சொல்வாய் என்று நினைத்தேன்.

கர்த்தர் உங்கள் இரண்டு பேருக்கும் துணை நிற்பார். காதை மூடாமல் வெளியே போகாதே.

கோபம் தீராத உன் அம்மா,
கெசியா யேசுதாசன்