நீ உருவி எடுத்த ஆணி

இன்று காலை ஒருவர் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலேயே ஆணி கேட்டார். வண்டிக்குப் பின்னால் டிரெய்லர், அதன்மேல் நீல நிறத்தில் ஒரு படகு. கொக்கியில் போடுகிற ஆணி தேய்ந்துவிட்டதாம், கூட்டேரிப்பட்டு தாண்டியதிலிருந்து பின்னால் ஒரே ஆட்டமாம். "வேற ஆணி மட்டும் குடுங்க பெரியவரே, ஜல்தியா போவணும்" என்றார். இழுப்பறையைத் திறந்து துழாவினேன். கிரீஸ் துணியில் சுற்றி வைத்திருந்த உன் ஆணி கையில் வந்தது.

ஒரு சாண் நீளம், கட்டைவிரல் கனம். தலை மட்டும் சுத்தியல் அடி வாங்கி ஒரு பக்கம் சப்பையாகக் கிடக்கும். துணியைப் பிரித்ததும் அந்தப் பழைய கிரீஸ் வாடை வந்தது. நீ போய் மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. அவரைக் கொஞ்சம் இருக்கச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும்.

அப்போது நமக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் இருக்கும். எண்பதுகளின் நடுப்பகுதி. திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் இதே பட்டறை, இதே இடம், மேலே மட்டும் கீற்று. டிராக்டருக்கு டிப்பர் அடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம். மல்லாட்டை மண்டி வைத்து வேர்க்கடலை வியாபாரம் பண்ணிய அந்த முதலாளிக்குத் திடீரென்று படகு ஆசை வந்தது. ஃபைபர் படகு ஒன்று வாங்கினார். கடற்கரையில் விட்டுவைத்தால் எவனாவது கொண்டுபோய்விடுவான் என்று பயம். வீட்டுத் தெருவிலேயே நிறுத்திக்கொண்டு, தேவைப்படும்போது மரக்காணத்துக்கு ஜீப்பில் இழுத்துக்கொண்டு போக வேண்டும், அதற்கு ஒரு டிரெய்லர் செய்து கொடு என்றார். நான் அதற்கு முன்னால் படகு டிரெய்லரைக் கண்ணால் கூடப் பார்த்ததில்லை. அதைச் சொல்லுவேனா?

ஆனாலும் நன்றாகத்தான் செய்தேன், அதை நீயே ஒப்புக்கொண்டாய். படகின் வயிற்று வளைவுக்குத் தக்கபடி கட்டைகளைச் செதுக்கி, பழைய டயரை அறுத்து மேலே அடித்து, ஆடாமல் அசையாமல் உட்கார வைத்தேன். புதன்கிழமை படகை ஏற்றிப் பாரம் பார்த்தேன். முன்னுக்கும் பின்னுக்கும் கச்சிதமாக இருந்தது. எஞ்சின் மட்டும் அன்று இல்லை. முதலாளி அதை வீட்டு சாமி அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். நல்ல நாளில், நல்ல நேரத்தில்தான் படகில் மாட்ட வேண்டுமாம். வெறும் படகை வைத்துப் பாரம் பார்த்துவிட்டு, சக்கரம் மாட்டுகிற ஆக்சிலைப் பற்றவைத்தேன் பார், அதுதான் நான் செய்த தப்பு.

வெள்ளிக்கிழமை காலை எஞ்சின் மாலையோடு வந்து இறங்கியது. படகின் பின் பலகையில் மாட்டினார்கள். படகின் மூக்குக்குப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, அங்கே ஒரு சாமானும் இருக்கக்கூடாது என்று எண்ணெய் கேன், நங்கூரம், வலை எல்லாவற்றையும் பின்னால் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஜீப்பைப் பின்னால் எடுத்துக் கொக்கியில் மாட்டி ஆணி போட்டோம். கற்பூரம் ஏற்றியாயிற்று. பூசணிக்காய் உடைக்கப் போகிற நேரம், நீ தூக்குவாளியில் கேப்பைக் கூழோடு வந்தாய்.

வந்தவள் வாளியைக் கீழே வைக்கவில்லை. ஜீப்பையே பார்த்தாய்.

"ன்னாங்க, ஜீப்பு பின்னாடி எகிறிக்கினு நிக்குது?"

"பேசாம போ" என்றேன்.

"பின்பாரமா கீதுங்க. எங்கூட்டுல இப்பிடித்தான் ஏத்துனாங்க."

உங்கள் வீட்டுக் கதை எனக்குத் தெரியும். கெடாரில் உன் அப்பா மல்லாட்டை மூட்டைகளை வண்டியில் பின்னால் தள்ளி ஏற்றிவிட்டார். ஏரிக்கரை மேட்டில் ஏறும்போது வண்டி பின்னால் சாய, நுகத்தடி மேலே தூக்க, கழுத்துக் கயிறு இறுகி ஒரு மாடு உன் கண் முன்னாலேயே செத்தது. அதற்கப்புறம் எந்த வண்டியைப் பார்த்தாலும் உன் கண் முதலில் பாரத்துக்குத்தான் போகும். ஆனால் அது மாட்டு வண்டி, இது ஜீப் இல்லையா? அதையே வாய்விட்டுச் சொன்னேன், அத்தனை பேர் முன்னால், உன்னைச் சிறுமைப்படுத்துகிற குரலில். முதலாளி சிரித்தார். "ராவுகாலம் வந்துடும்யா, பொம்பளைய அனுப்பிட்டு வண்டிய எடு" என்றார்.

நீ போகவில்லை. வாளியை என் கையில் திணித்தாய். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரெய்லரின் முன் நீட்டத்தின்மேல் ஏறி நின்றாய். நாங்கள் அதை டிராபார் என்போம், நீ கடைசிவரை ஏர்க்கால் என்றுதான் சொன்னாய். உன் பாரத்தில் அது இறங்கிக் கொடுத்தது. குனிந்து ஆணியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாய். டிரைவர், விழுப்புரத்திலிருந்து வந்த பையன், பல்லைக் காட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, ஜீப்ப ரெண்டு மொழம் முன்னால எடு."

அவன் என்ன நினைத்தானோ, எடுத்துவிட்டான். நீ அந்தக் கம்பியின்மேல் சாவகாசமாக உட்கார்ந்தாய். கால் ஒரு அடி உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளியைப் பார்த்துக் கேட்டாயே, இப்போது நினைத்தாலும் எனக்கு மயிர் கூச்செறிகிறது.

"நான் எறங்குனா முன்னால தூக்கிக்கும், உங்க எஞ்சினு தரையில மோதும். எறங்கட்டுமாங்க?"

லேசாகப் பின்புறத்தைத் தூக்கிக் காட்டினாய். கம்பி உன்னோடு சேர்ந்து மேலே வந்தது. மாலை போட்ட எஞ்சின் தரையை நோக்கி இறங்கியது. "வேணாம் வேணாம், உக்காரும்மா, உக்காரு!" என்று முதலாளி அலறினார். ஊரில் நாலு பேரை அதட்டுகிற மனிதர் உன்னைக் கும்பிடாத குறையாக நின்றதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

"இதோட ரோட்டுல போனா வால் ஆடும். லாரிக்கு ஒதுங்குறப்ப ஜீப்ப தூக்கிப் போட்டுடும். இந்தத் தம்பியும் ஒருத்தி பெத்த புள்ளதான?" என்றாய்.

நான் முட்டுக்கொடுத்த பிறகுதான் இறங்கினாய். பூஜை போட்ட எஞ்சினைக் கழற்றக்கூடாது என்று முதலாளி ஒற்றைக்காலில் நின்றார். ஆகவே ஆக்சிலைத்தான் நகர்த்த வேண்டியிருந்தது. பற்றவைத்ததை அறுத்து, ஒரு சாண் பின்னால் தள்ளி, மறுபடி பற்றவைத்தேன். வலையையும் நங்கூரத்தையும் முன்னால் கொண்டுவந்து கட்டினேன். ஆணி விட்டாலும் வண்டி தனியாக ஓடிவிடாமல் இருக்க, குறுக்கே மாற்றி இரண்டு சங்கிலி போட்டேன். இப்போது சரியா என்று நான் கேட்டதற்கு நீ வந்து அந்த ஏர்க்காலை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாய். "தளும்பத் தளும்ப ரெண்டு கொடம் தூக்குற கனம் இருக்கணும். இப்ப கீது" என்றாய். அதன் பிறகுதான் இடுப்பிலிருந்து ஆணியை எடுத்தாய். அதை டிரைவரிடம் கொடுக்கவில்லை. "இது தல நசுங்கிக் கீது, வேற போடுங்க" என்று மட்டும் சொல்லி நீயே வைத்துக்கொண்டாய். வேறு ஆணி போட்டேன். வண்டி கிளம்பும்போது ராகுகாலமும் போய், எமகண்டமும் வந்திருந்தது.

முதலாளி சும்மா விடவில்லை. பெண்டாட்டி பேச்சைக் கேட்டுத் தொழில் பண்ணுகிறவன் என்று மண்டித் தெரு முழுக்கச் சொன்னார். கொஞ்ச நாள் அந்தத் தெருவிலிருந்து ஒரு வேலையும் வரவில்லை. நான் உன்னிடம் நாலு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் படகு அதற்கப்புறம் எத்தனையோ தடவை மரக்காணம் போய் வந்தது. ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் நீ சொன்னது சரி என்று யாரும் சொல்லவும் இல்லை. "பாரு, எவ்ளோ பேஜாரு பண்ணிட்ட, ஒன்னுமே ஆவலியே" என்று நானே ஒருநாள் சொன்னேன். "ஆவாம இருக்கத்தான அவ்ளோ பாடு" என்று சொல்லிவிட்டு நீ சோற்றை வடிக்கப் போய்விட்டாய்.

அந்தத் தெருவில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை. இருக்கிறவர்கள் வந்து கேட்கட்டும், பெண்டாட்டி பேச்சைக் கேட்டவன்தான் என்று சத்தமாகவே சொல்கிறேன். உன்னிடம் சொல்லாமல் விட்டது வேறொன்று இருக்கிறது. அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

அன்று ஆணி சுலபமாக இறங்கவில்லை. டிராபார் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு பேரை அழுத்தச் சொல்லிவிட்டு, நான்தான் சுத்தியலால் அடித்து இறக்கினேன். அடிக்கும்போதே எனக்குத் தெரியும். பின்பாரம் என்று எனக்கும் தெரியும். கற்பூரத் தட்டோடு முதலாளி நிற்கிறார், அத்தனை பேர் பார்க்கிறார்கள், என் பிழை என்று எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தம்பியை அப்படியே அனுப்பிவிட இருந்தேன். அது தெரிந்துதான் உன்னை அவ்வளவு கோபமாக விரட்டினேன்.

நீ ஆணியை உருவியபோதே தலையில் இருந்த புது அடியைப் பார்த்திருப்பாய், நான் தெரிந்தேதான் அடித்து இறக்கினேன் என்று புரிந்திருக்கும். பார்த்துவிட்டுத்தான் யார் கையிலும் அகப்படாமல் இடுப்போடு வைத்துக்கொண்டாய். பிறகு துணியில் சுற்றி என் இழுப்பறையிலேயே போட்டுவைத்தாய். ஒரு நாள், ஒரு சண்டையில் கூட, அதைச் சொல்லிக் காட்டவில்லையே நீ.

வெளியே மறுபடி ஹாரன். எழுந்து போனேன். அவர் வண்டியும் பின்னால் எகிறிக்கொண்டுதான் நின்றது. படகுக்காரரிடம் ஆணியைக் கொடுக்கவில்லை. அவருடைய டிரெய்லரின் முன் நீட்டத்தில் ஏறி உட்கார்ந்து, தேய்ந்த ஆணியை உருவி, உன் ஆணியோடு சேர்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வண்டியை இரண்டு முழம் முன்னால் எடுக்கச் சொன்னேன். அவர் எடுத்துவிட்டு இறங்கி ஓடிவந்தார்.

"இன்னா பெரியவரே, ஆணி கேட்டா இன்னா பண்றீங்க? டைம் ஆவுது!"

முழங்கால் வலிக்கிறது, கம்பி குத்துகிறது, எழுபது வயதில் செய்கிற வேலையா இது. இருந்தாலும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, அவர் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டேன்.

"எறங்கட்டுமாங்க?"