ஓடிப்போனவன் இல்லை, லீவு முடிந்து திரும்பாதவன்

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், இந்தத் தடவை பேச்சுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டி மூவரும் நலமாக இருக்க வேண்டும், குட்டியின் இருமல் நின்றதா என்று எழுது. முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிடுவாய். உன் தம்பி வழக்கு முடிந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. போனில் சொல்லலாம் என்றார் அப்பா. போனில் நீ பாதியிலேயே அழுவாய், அதைக் கேட்டு நானும் அழுவேன், ஒன்றும் விளங்காமல் வைத்துவிடுவோம். அதனால்தான் கடையை அரை நாள் மூடிவிட்டு இஸ்திரி மேஜை மேலேயே காகிதத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவன் தானாகப் பட்டாளத்துக்குப் போய்ச் சரணடைந்தது வரைக்கும் உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு வக்கீலம்மாவைப் பார்க்கப் போனோம், அந்தம்மா விவரமாகச் சொன்னார். லீவு முடிந்து திரும்பாமல் இருப்பது ஒரு குற்றமாம், படையை விட்டு ஓடிப்போவது வேறு குற்றமாம். முதலாவது என்றால் சில மாதத்தோடு போகும். இரண்டாவது என்றால் வருஷக் கணக்கில் சிறை, வேலையும் பென்ஷனும் போய்விடும், வெளியே வந்தாலும் அரசாங்க வேலை எதையும் நினைத்துப் பார்க்க முடியாது, தெரிந்தே வீட்டில் வைத்திருந்தவர்களையும் விடமாட்டார்கள். இதைக் கேட்டதும் உன் அப்பா மேஜையில் இருந்த தண்ணீரை, அது வக்கீலம்மா குடித்து வைத்த மிச்சம் என்றுகூடப் பார்க்காமல் எடுத்துக் குடித்துவிட்டார். இரண்டிலும் ஆள் வேலைக்கு வரவில்லை என்பது ஒன்றுதானே, எப்படிப் பிரிக்கிறார்கள் என்று கேட்டேன். திரும்பிப் போகிற எண்ணம் இருந்ததா என்று பார்ப்பார்களாம். மனசைத் திறந்தா பார்க்க முடியும், அதனால் சீருடையையும் அடையாள அட்டையையும் பத்திரமாக வைத்திருந்தானா, தூக்கிப் போட்டானா, வெளிநாடு போகப் பார்த்தானா என்றுதான் விசாரிப்பார்களாம்.

இப்போது உன்னைத் திட்ட வேண்டிய இடம் வந்துவிட்டது. அந்தச் சீருடையை எரித்துவிடு அம்மா, தம்பியை என்னிடம் அனுப்பிவிடு என்று போனில் சொன்னாயே, நல்ல வேளை உன் பேச்சைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் ஓடிப்போனவன், நீ ஓட வைத்தவள். பாசத்தில் சொன்னாய், தெரியும். அவனேதான் வேண்டாம் என்றான், அக்காகிட்ட போயிட்டா அப்புறம் திரும்பவே முடியாதும்மா என்று. நானோ, அவன் வீட்டில் முடங்கிக் கிடந்த ஐந்து மாதமும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தச் சீருடையைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடிப்புக் கலையாமல் தேய்த்து அவன் அறைக் கதவில் மாட்டி வைத்தேன். சட்டம் தெரிந்து செய்தேன் என்று நினைத்துவிடாதே, அவ்வளவும் கோபம். தினமும் அதன் முகத்திலேயே விழிக்கட்டும் என்று செய்தேன். பிள்ளையைக் குத்திக் காட்டாதே, பெட்டியில் வை என்று அப்பா கெஞ்சினார், நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. விசாரணைக்கு முன்னால் ஓர் அதிகாரி வீட்டைப் பார்க்க வந்தார். அறைக் கதவைத் தள்ளியதும் சட்டை அவர் முகத்திலேயே இடித்தது. யார் இதைத் தேய்ப்பது என்று கேட்டார். நான்தான் வாரா வாரம் தேய்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம், என் வாய்தான் உனக்குத் தெரியுமே, உங்கள் சட்டைக் காலரில் சுருக்கம் இருக்கிறது, கழற்றிக் கொடுத்தால் இப்போதே தேய்த்துத் தருகிறேன் என்றேன். அந்த மனிதர் சிரிக்கவில்லை, ஆனால் சீருடையைப் பற்றி எழுதிக்கொண்டு போனார்.

விசாரணையில், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, அதனால் தங்கிவிட்டேன் என்று சொல்லச் சொல்லி அப்பா அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவன் அதைச் சொல்லவில்லை. பயந்துட்டேன் ஐயா, பயிற்சியில பக்கத்துல நின்னவன் செத்ததைப் பார்த்ததுலேருந்து கை நடுங்குது, ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போயிடலாம்னு நினைச்சுத்தான் படுத்தேன் என்றான். எனக்கு இது தெரியவே தெரியாதடி. சோம்பேறி என்று வாய்க்கு வந்தபடி வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். அங்கேயே, அத்தனை பேர் முன்னால் அழுதேன். ஓடிப்போனவன் இல்லை, லீவு முடிந்து திரும்பாதவன் என்றுதான் தீர்ப்பு. மூன்று மாதம் இராணுவக் காவல், வராத நாட்களுக்குச் சம்பளம் கிடையாது, தோளில் இருந்த பதவிப் பட்டையும் போய்விட்டது. ஆனால் தண்டனை முடிந்ததும் மறுபடியும் படையிலேயே வேலைக்குப் போகலாம், கை நடுக்கத்துக்கு டாக்டரிடம் காட்டுவார்களாம். ஓடிப்போனவன் இல்லைதானே, இல்லைதானே என்று உன் அப்பா வக்கீலம்மாவை விடாமல் கேட்டு அந்தம்மாவுக்கே அலுத்துவிட்டது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

போன வாரம் போய்ப் பார்த்தோம். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. நல்லா தூங்குறேன்மா என்றான். இங்கே இருந்தபோது தெருவில் ஒரு வண்டி நின்றால் போதும், குளியலறைக்குள் போய் நின்றுகொள்வான், நாங்கள் வாயில் வைத்த சோற்றை விழுங்காமல் உட்கார்ந்திருப்போம். இப்போது எத்தனை வண்டி நின்றாலும் நாங்கள் பாட்டுக்குச் சாப்பிடுகிறோம்.

அவனுக்குக் கடிதம் போடு. பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள், அதனால் உன் வெளிநாட்டு யோசனைகளை எல்லாம் உன்னோடு வைத்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையிடம் சும்மா சும்மா சிடுசிடுக்காதே. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். தம்பி என்ன செய்கிறான் என்று அங்கே யாராவது கேட்டால் இத்தனை நாள் மழுப்பியது போல இனி மழுப்பாதே. பட்டாளத்தில் இருக்கிறான் என்று நிமிர்ந்து சொல். பொய் இல்லையடி, தீர்ப்பே அப்படித்தான் சொல்கிறது.

இப்படிக்கு,
உன் மேல் இருந்த கோபமும் தீர்ந்துவிட்ட
அம்மா