வாலைக் கழித்துப் பார்

கோபம் இன்னும் ஆறாத என் அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. அம்மா, நான், இரண்டு குளத்து மீன்கள், எல்லாரும் சுகம். நீ சுகமா? முதலில் ஒரு வேலை செய். "என் கறுப்புத் திலாப்பியாதான் நீளமாக வளர்ந்து ஜெயித்தது, உன் சிவப்பு தோற்றது" என்று போன கடிதத்தில் குதித்து எழுதியிருந்தேனே, அதைக் கிழித்துப் போடு. ஐயோ அக்கா, ஜெயித்தது நீ!

நேற்று ஓட்டல் சமையல்காரர் மீன் பார்க்க வந்தார். ஒரே எடையில் இரண்டைப் பிடித்துப் பலகையில் வைத்தேன். என்னுடையது ஒல்லியாக, நீளமாக, வரிவரியான வாலோடு ராஜா மாதிரி கிடந்தது. உன்னுடையது சின்னத் தலையும் புடைத்த முதுகுமாக, சாப்பிட்டுவிட்டுப் படுத்த நம் மாமா மாதிரி. (அவரிடம் சொல்லித் தொலைக்காதே.) நான் ஸ்கேலை மூக்கில் வைத்து வால் நுனிவரை அளந்து, "பாத்தீங்களா, என்னுதுதான் பெருசு" என்றேன். மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏம்மா, வாலையா வறுத்துத் தட்டுல வைக்கப் போறேன்?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

பிறகு இரண்டையும் அறுத்தார். என் மீனில் தலையும் வாலும் போனால் மிச்சம் கொஞ்சம்தான். சதை முள்ளோடு ஒட்டிக் கிடந்தது. உன்னுடையதில் முதுகிலேயே கனமாக இரண்டு துண்டு! என் மீன் வயிற்றுக்குள் ஒட்டியிருந்த, சுரண்டி எடுக்க வேண்டிய அந்தக் கறுப்புச் சவ்வும் உன்னுடையதில் இல்லை. இதையே வாரா வாரம் வேண்டும் என்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நீளம் முக்கியமில்லை, சதைதான் முக்கியம் என்று நீ ஆரம்பத்திலேயே சொன்னாய். நான்தான் குண்டு மீனை எவன் வாங்குவான் என்று கத்தினேன். "அப்ப உன் நீள மீனோட நீயே இருந்துக்கோ" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஐஸ் கம்பெனி வேலைக்குப் போனவள்தான் நீ.

சமையல்காரருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உன் குளத்தில் வலை போடவும் யாரையும் விடவில்லை. அடுத்த முறை குஞ்சு பொரிக்க நல்ல தாய் மீன்களைப் பொறுக்கிப் பிரிக்க வேண்டும். முதுகைத் தடவிப் பார்த்தே நீ எடுத்துவிடுவாய். எனக்கு வால்தான் கண்ணில் படும்.

அங்கே வேலை பிடித்திருக்கிறது என்று அம்மாவுக்கு எழுதினாயாம். பிடிக்கட்டும். எனக்கு நீ இல்லாத குளக்கரை பிடிக்கவே இல்லை. வந்துவிடு அக்கா. வந்து, "அன்னிக்கே சொன்னேன்ல" என்று நாளெல்லாம் சொல்லிக்காட்டு. நான் வாயே திறக்க மாட்டேன்.

தோற்றுப்போன சந்தோஷத்தில்,
உன் தங்கை