மேற்குப் பக்கச் சீட்டு

ஹெப்பர்லா, டர்ஹாம்
4 மார்ச் 1979

அன்புள்ள வில்ஃப்,

நான் சுகம். நீங்களும் ஹில்டாவும் சுகம்தானே? நாட்டிங்ஹாம் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது, ஊர்ப்பக்கம் நாலு முறை வந்திருக்கிறீர்கள். நாலுமே சாவுக்கு. யாராவது செத்தால்தான் வருவேன் என்று சபதமா?

சமாச்சாரம் இதுதான். சுரங்கத்தை மூடி, கரிமேட்டையும் சமன் செய்து புல் விதைத்துவிட்டார்கள். இங்கே ஒரு சுரங்கம் இருந்தது என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நம்புவதில்லை. அதனால் நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்து ஊர் ஞாபகங்களை ஒரு புத்தகமாகப் போடுகிறோம். என் மகள் ஜாய்ஸ்தான் தட்டச்சு செய்கிறாள். ஊர்வல வாத்தியக் குழுவைப் பற்றி ஆள் இருக்கிறார்கள், சமையலைப் பற்றி இருக்கிறார்கள். சுரங்கத்தில் யாருக்கு எந்த இடம் என்று தொப்பியில் போட்டு எடுத்த சீட்டுக் குலுக்கலைப் பற்றி எழுத மட்டும் ஆள் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொப்பியைப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்றவர் நீங்கள். உங்களை விட்டால் யார்?

இரண்டு பக்கம் போதும்.

அன்புடன்,
நோரா டின்டில்


நாட்டிங்ஹாம்
19 மார்ச் 1979

அன்புள்ள நோரா,

உன் கடிதம் கண்டு சந்தோஷம். ஹில்டாவுக்கு இருமல், எனக்கு முழங்கால், மற்றபடி குறையில்லை.

நீ கேட்டபடி எழுதி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். புறாப் பந்தயம் பற்றி மூன்று பக்கம். ஜெத்ரோ பிக்கரிங்கின் புறா ஜெயித்து வந்தும் கூண்டுக்குள் இறங்காமல் கூரையிலேயே உட்கார்ந்துகொள்ள, அவன் அதன் காலடியில் முட்டிபோட்டுக் கெஞ்சினானே, அது ஜாய்ஸுக்குப் பிடிக்கும்.

குலுக்கல் பற்றி வேறு யாரையாவது கேளேன். எனக்கு எல்லாம் மறந்துவிட்டது.

அன்புடன்,
வில்ஃப் ரெய்ன்


ஹெப்பர்லா
2 ஏப்ரல் 1979

அன்புள்ள வில்ஃப்,

புறா அருமை. ஜாய்ஸ் சிரித்ததில் இரண்டு தாள் வீணாயிற்று. ஆனால் நான் கேட்டது புறா இல்லையே. 1931-ல் ஒரு புறாவுக்கு எந்த இறக்கையில் வெள்ளைப் புள்ளி என்று ஞாபகம் இருக்கிறவருக்கு, பதினைந்து வருடம் பிடித்த தொப்பி மறந்துவிட்டதாம்! யாரிடம் அளக்கிறீர்கள்?

என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸைப் பற்றி நான் எழுதிய பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அதைப் படித்தால் ஏன் உங்கள் பக்கம் வேண்டும் என்று புரியும். சுரங்கத்தில் அவர் மேல் கல் விழுந்து செத்த அதே வருடம், பக்கத்து ஊரிலும் ஒருத்தி புருஷனைப் பறிகொடுத்தாள். மேஸ்திரிதான் அவனை அந்த இடத்துக்கு அனுப்பினான் என்று அவள் கடைசிவரை தூங்கவில்லை. எனக்கு அந்த நரகம் இல்லை. எங்கள் ஊரில் யாரும் யாரையும் எங்கும் அனுப்பவில்லை, தொப்பி அனுப்பியது. கோபப்பட ஓர் ஆள் இல்லாத சாவு அது. அதைப் பிடித்துக்கொண்டுதான் நான் எழுந்து நின்றேன்.

நன்றிப் பக்கத்தில் உங்கள் பெயர்தான் முதலில். விதவைக்கென்று சுரங்கத்து வண்டி வந்து தெருவில் கொட்டிய இலவசக் கரியைப் பதின்மூன்று வருடம் ஒரு தவணை தவறாமல் அள்ளிக் கொல்லையில் சேர்த்தீர்கள். ஒரு டீகூடக் குடிக்கமாட்டீர்கள். அது என்ன வீம்போ!

பக்கத்தை அனுப்புங்கள்.

நோரா


நாட்டிங்ஹாம்
30 ஏப்ரல் 1979

அன்புள்ள நோரா,

நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை எப்படியும் அனுப்பிவிடுகிறேன்.

குலுக்கல் பக்கம் இது.

சங்கக் கூடத்து மேடையில் இரண்டு தொப்பி. ஒன்றில் சுரங்கத்தின் இடங்கள், இன்னொன்றில் ஆட்களின் பெயர்கள். நிர்வாகத்து ஆள் இடத்தை எடுத்துச் சொல்வார். நான் பெயரை எடுத்து வாசிப்பேன். அடுத்த மூன்று மாதம் அவன் அங்கேதான் கரி வெட்டுவான். என் கையில் இருக்கும் சீட்டை யாரும் எட்டிப் பார்த்ததில்லை. பார்ப்பது கேவலம் என்று நினைத்தார்கள். முடிந்ததும் சீட்டுகளை அடுப்பில் போட்டுவிடுவோம்.

1951 டிசம்பர். அதற்கு முந்தைய ஆறு மாதமும் எனக்கு மேற்குப் பக்கம்தான் விழுந்திருந்தது. முழங்காலளவு தண்ணீர். "மேற்கு ஏழு" என்றார் நிர்வாகத்து ஆள். நான் சீட்டை எடுத்தேன். என் பெயர்.

நான் "ஆம்ப்ரோஸ் டின்டில்" என்று வாசித்தேன்.

யோசித்துச் செய்யவில்லை, நோரா. அவன் முன்வரிசையில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றான். கோபப்படமாட்டான் என்று தெரிந்த ஆளின் பெயர்தான் வாயில் வந்தது. கொஞ்சம் பொறுத்து அவன் சீட்டு வந்தது. தெற்கு மூன்று, காய்ந்த நல்ல இடம். என் பெயரை வாசித்தேன்.

வெளியே வந்ததும் என் முதுகில் ஒன்று போட்டான். "டேய் வில்ஃப், உன் கையில என்னடா தண்ணிக் குழாயா வச்சிருக்க? போவுது விடு, சீட்டு சொன்னா சொன்னதுதான். தெற்குல காலை நீட்டி உக்காந்துக்க, கிழவா" என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். மூன்று மாத ஈரம்தானே, ஒரு பைன்ட் பீர் வாங்கிக் கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன். ஏழாவது வாரம் கூரை விழுந்தது. அவனைத் தோண்டி எடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கல் என்னுடையது.

ஹில்டாவுக்குக்கூடத் தெரியாது. உன் டீயைக் குடிக்க எனக்கு யோக்கியதை இல்லை, அவ்வளவுதான், வீம்பு இல்லை.

என்னை மன்னித்துவிடு என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

வில்ஃப்


நாட்டிங்ஹாம்
28 மே 1979

நோரா,

நாலு வாரமாகத் தபால்காரரை வாசலில் நின்று பார்க்கிறேன். திட்டியாவது இரண்டு வரி எழுது. நீ எழுந்து நின்றதற்கு இருந்த ஒரு பிடியையும் பறித்துவிட்டேனே என்பதுதான் இப்போது என்னைத் தின்கிறது. இது உனக்காகச் சொன்னதா, என் பாரம் இறங்கச் சொன்னதா என்று எனக்கே தெரியவில்லை.

வில்ஃப்


ஹெப்பர்லா
11 ஜூன் 1979

வில்ஃப்,

இரண்டும் வந்தன. முதலாவதைப் படித்துவிட்டு அடுப்பங்கரைத் தரையைத் துடைத்தேன். காயும் முன்பே மறுபடியும் துடைத்தேன். இருபத்தேழு வருடக் கோபம் ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தால் ஒரு பொம்பளை என்ன செய்வாள்?

நன்றிப் பக்கத்தில் உங்கள் பெயரைக் கோடு போட்டு அடித்தேன். அடுத்த நாள் திரும்ப எழுதினேன். நீங்கள் அள்ளிப் போட்டது எனக்காக இல்லை, உங்களுக்காக என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்தக் கரி எரிந்தது, பிள்ளை குளிராமல் தூங்கினாள். அது நடக்கவில்லை என்று என்னால் எழுத முடியாது.

ஜாய்ஸ் உங்கள் பக்கத்தைத் தட்டச்சில் பாதி அடித்துவிட்டு எழுந்து போனாள். "அம்மா, இதைப் போடத்தான் வேணுமா? ஊரே அவரைக் காறித் துப்பும்" என்றாள். "உங்கப்பா பேரு இருக்கில்ல? அடி" என்றேன். முடித்துவிட்டாள். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

மன்னிப்புக் கேட்கிறீர்கள். என்னிடம் இப்போது இல்லை. வந்தால் வரும். வரும் என்று உறுதி சொல்லமாட்டேன்.

ஜூலை ஏழு, சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குச் சங்கக் கூடத்தில் புத்தகம் வெளிவருகிறது. எழுதியவர்கள் அவரவர் பக்கத்தை அவரவரே வாசிக்க வேண்டும். உங்கள் பெயரையும் போட்டிருக்கிறேன். ஹில்டாவிடம் அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஊரோடு சேர்ந்து கேட்கும்படி வைக்காதீர்கள்.

அதே மேடைதான். நான் முன்வரிசையில் இருப்பேன், ஆம்ப்ரோஸ் நின்ற பக்கம். சிரிக்கமாட்டேன்.

இந்தத் தடவை தாளில் இருப்பதையே வாசியுங்கள்.

நோரா டின்டில்